வைரம், உப்பு, செம்பு: திடப்பொருள் கேள்வி பதில்

கே: சார், வைரமும் கிராஃபைட்டும் ஒரே கார்பன்தான். கிராஃபைட்டில் பிணைப்பு பலவீனம் என்பதால்தானே பென்சில் முனை தேய்கிறது?

பலரும் சறுக்குகிற இடம் இது. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கின்றன. கிராஃபைட்டின் ஒரு தாளுக்குள் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களுக்கு நடுவே 0.142 நானோமீட்டர், வைரத்தில் 0.154. தாளுக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தில் உள்ளதைவிட வலுவானது! ஆனால் தாளுக்கும் தாளுக்கும் இடையே 0.335 நானோமீட்டர். அங்கே எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பே கிடையாது, லேசான ஈர்ப்பு மட்டும்தான். அதனால் தாள்கள் கழன்று காகிதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு பக்கமும் கட்டுண்டு கிடக்கிறது, நழுவ வழியில்லை. பிணைப்பு எவ்வளவு வலுவானது என்பதோடு, எந்தத் திசையில் அது இல்லை என்றும் கேளுங்கள்.

கே: அப்படியானால் வைரத்தைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாதா?

உடையும், வீட்டில் முயல வேண்டாம். கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. சில தளங்களின் வழியே வைரம் சுலபமாகப் பிளக்கும். பட்டை தீட்டுபவர்களுக்கு இது பழைய செய்தி.

கே: உப்பு நொறுங்குகிறது, செம்புக் கம்பி வளைகிறது. ஏன்?

உப்புத் தூளை லென்ஸ் வைத்துப் பாருங்கள், குட்டிக் குட்டிக் கனசதுரங்கள் தெரியும். ஒரு பெரிய பரலை ஊசியால் தட்டினால் உடையும் துண்டுகளுக்கும் நேரான முகங்கள்தான். நேர் அயனி, எதிர் அயனி என்று மின்சுமை கொண்ட அணுக்கள் மாறி மாறி அடுக்கியிருப்பதால், ஒரு அடுக்கு ஓர் இடம் நகர்ந்தாலே நேர் அயனி பக்கத்தில் நேர் அயனியும், எதிர் அயனி பக்கத்தில் எதிர் அயனியும் வந்துவிடும். ஒன்றையொன்று தள்ளும், பிளக்கும்.

செம்பில் எலக்ட்ரான்கள் பொதுச்சொத்து. அடுக்கு நகர்ந்தாலும் பிணைப்பு அறாது. ஆனாலும் முழு அடுக்கும் ஒரே மூச்சில் நகர்வதாகக் கணக்குப் போட்டால், உலோகம் நிஜத்தில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு வலுவாக இருக்க வேண்டும்! 1934-இல் டெய்லர், ஒரோவான், போலானி என்ற ஆய்வாளர்கள் மூவரும் தனித்தனியே இந்தப் புதிரை அவிழ்த்தார்கள். படிகத்தில் வரிசை பிசகிய ஒரு கோடு இருக்கிறது. அதுதான் படிப்படியாக ஊர்கிறது. அதற்குச் சிறு விசை போதும்.

ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்திப் பாருங்கள். பழைய வளைவு அடம்பிடிக்கும், பக்கத்தில் புது வளைவு விழும். வளைந்த இடத்தில் அந்தப் பிசகுகள் பெருகி ஒன்றுக்கொன்று வழிமறித்து நிற்கின்றன.

கே: உப்பு 801 டிகிரியில் உருகுகிறது. அதே அமைப்புள்ள மெக்னீசியம் ஆக்சைடுக்கு ஏன் 2800-க்கும் மேல்?

உப்பில் நேர், எதிர் அயனிகளின் மின்சுமை 1-க்கு 1, இதில் அது 2-க்கு 2 ஆகிறது. ஈர்ப்பு நான்கு மடங்கு. அயனிகளும் இன்னும் நெருங்கி இருக்கின்றன. உலைச் செங்கல்லில் அதைச் சேர்ப்பது சும்மா இல்லை.

கே: தாள்கள் நழுவும் என்றீர்களே, விண்கலத்திலும் கிராஃபைட்டை மசகாகப் போடலாமா?

மாட்டிக்கொண்டேன்! முதல் பதிலில் ஒன்றை விட்டுவிட்டேன். கிராஃபைட் நன்றாக வழுக்குவதற்குக் காற்றிலுள்ள நீராவியும் வேண்டும். இரண்டாம் உலகப்போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின் இயந்திரங்களில், சுழலும் பகுதியை உரசி மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்கள் (கிராஃபைட் கலந்தவை) நீராவி குறைந்த அந்தக் காற்றில் மளமளவென்று தேய்ந்தபோதுதான் இது உறைத்தது. வெற்றிடத்துக்கு மாலிப்டினம் டைசல்பைடு. அதுவும் தாள் தாளான அமைப்புதான், ஆனால் நீராவியை எதிர்பார்ப்பதில்லை.