சீன–ஆப்பிரிக்க ஆய்வு: மகளுக்கு வேலை கிடைக்குமா?

அரசியல் அறிவியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள் சீன–ஆப்பிரிக்க உறவில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள், வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் இடங்கள் குறைவு. சீன மொழி தெரியாவிட்டால் அதுவும் கைநழுவும்.

இந்தத் துறையில் உள்ள சீன நிறுவனங்கள் படிப்போடு நிற்பவை அல்ல. ராஜதந்திரத்திலும் அவற்றுக்குப் பங்குண்டு. ஜின்ஹுவா நகரில் ஜெஜியாங் நார்மல் பல்கலைக்கழகம் 2007-ல் தொடங்கிய ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனம், 2011-ல் இரு தரப்பு ஆய்வாளர்களுக்கான மன்றம் ஒன்றை ஆரம்பித்தது. பெய்ஜிங்கில் 2019-ல் திறக்கப்பட்ட சீன–ஆப்பிரிக்க நிறுவனம், அதற்கு முந்தைய ஆண்டு சீன–ஆப்பிரிக்க உச்சி மாநாட்டில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கே அறிவித்தது. நடத்துவது சீன அரசின் சமூக அறிவியல் அகாடமி. 2024 மார்ச்சில் தான்சானியாவின் டார் எஸ் சலாமில் இரு தரப்பு அறிஞர்களும் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பெய்ஜிங்கில் தலைவர்களின் உச்சி மாநாடு. ஒரு கட்டுரையைப் படிக்கும்போது எழுதியவர் எந்த நிறுவனம், அது யாருக்குக் கீழ், எந்த மாநாட்டுக்கு முன் வெளியானது என்று பார்க்கும் பழக்கம் மகளுக்கு இப்போதே வரட்டும்.

ஆய்வுத் திட்டம் அடிபடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: 'கடன் பொறி' (சீனா கடன் கொடுத்து நாடுகளைச் சிக்கவைக்கிறது என்ற வாதம்) என்று தொடங்கி, ஆங்கிலச் செய்தித்தாளை மட்டும் ஆதாரம் காட்டுவது. அதற்குப் பதில் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வது நல்லது. கென்யாவின் ஜூஜாவில், ஜோமோ கென்யாட்டா பல்கலைக்கழக வளாகத்தில், சீன அறிவியல் அகாடமி அமைத்த கூட்டு ஆய்வு மையம் இருக்கிறது. தாவரங்களையும் பல்லுயிர்ப் பெருக்கத்தையும் ஆராயும் இடம். அங்கே பணம் யாருடையது, தலைப்பைத் தேர்வது யார், சீனாவில் படித்துத் திரும்பும் கென்ய மாணவர்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள்? இந்த மூன்று கேள்வியே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும்.

மொழியை இன்றே தொடங்கச் சொல்லுங்கள். சீன மொழித் தேர்வான எச்.எஸ்.கே.யின் நான்காம் நிலைக்குப் பழைய பாடத்திட்டத்தில் சுமார் 1,200 சொற்கள் இருந்தன. சீனம் வழியாக முதுகலை படிக்கப் பல இடங்களில் ஐந்தாம் நிலை கேட்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் பிரெஞ்சும் வேண்டும். முதுகலைக்கு ஜே.என்.யு. போன்ற இடங்களில் க்யூட் பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வை எழுதி, கூடவே பின்னால் முனைவர் பட்டத்துக்கு உதவும் நெட் தேர்வுக்கும் தயாராகலாம். சீன அரசு உதவித்தொகைக்கு முதுகலையில் வயது 35-க்குள், இரண்டு பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், ஆய்வுத் திட்டம், மருத்துவப் படிவம் தேவை. கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்டால் பெயரை மட்டும் மாற்றிய பொதுக் கடிதம்தான் வரும்.

ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) மட்டுமே இலக்கு என்றால் கதை வேறு. அங்கே மொழியைப் பணியில் சேர்ந்த பிறகு அரசே கற்பிக்கும், இப்போது யு.பி.எஸ்.சி. பாடத்திட்டத்தை முடிக்கட்டும்.