தரநிலைக்குள் காப்புரிமையை ஒளித்து வைத்தால் போட்டிச் சட்டம் பாயுமா?

பாயலாம், ஆனால் ஒளித்ததை மட்டும் காட்டினால் அமெரிக்காவில் போதாது. தரநிலை, அதாவது நிறுவனங்கள் சேர்ந்து ஏற்கும் பொதுத் தொழில்நுட்ப வரையறை, முடிவாகும்வரை மாற்றுத் தொழில்நுட்பங்களும் களத்தில் இருக்கும். எல்லோரும் ஒன்றை நம்பி சிப் செய்துவிட்டால், காப்புரிமைக்காரர் கேட்டதுதான் விலை.

கணினி நிறுவனமான டெல்லின் விவகாரம் எளிது. 1992இல் கணினித் துறைத் தரநிலைகளை வகுக்கும் வெசா அமைப்பு, கணினிக்குள் பாகங்களை இணைக்கும் விஎல்-பஸ் தரநிலையை ஏற்றபோது, அது தங்கள் காப்புரிமையைத் தொடவில்லை என்று டெல்லின் பிரதிநிதி எழுதிக் கொடுத்தார். பிறகு டெல் உரிமை கோரியது. அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசியின் 1996 உத்தரவு அதைத் தடுத்தது.

நினைவகத் தொழில்நுட்ப நிறுவனமான ராம்பஸின் வழக்குதான் சிக்கல். நினைவகச் சிப்களுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பில் உறுப்பினராக இருந்தபடியே அது தன் நினைவகக் காப்புரிமைகளை மறைத்ததாக 2006இல் எஃப்டிசி முடிவு செய்தது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது: வெளியே சொல்லியிருந்தால் ராயல்டி குறைந்திருக்கும் என்பது மட்டும் போதாது, ஜெடெக் வேறு தொழில்நுட்பத்தைத் தேர்ந்திருக்கும் என்று காட்ட வேண்டும். எனவே மாற்று வழிகள் விவாதிக்கப்பட்ட கூட்டக் குறிப்புகளைப் பத்திரமாக வையுங்கள். வழக்கு அங்கேதான் நிற்கும் அல்லது விழும்.