139-0 பெருமையா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பல்கலைக்கழகங்கள் ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து (தங்களுக்குள் சீசன் ஆட்டங்களை ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு) இன்னொன்றுக்குத் தாவுவதைப் பெண்கள் விளையாட்டுக்கு இழைத்த அநியாயம் என்று எழுதியிருந்தீர்கள். யூகான் என்கிற கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பாருங்கள். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் கோப்பை வாங்குகிறார்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். திறமை இருந்தால் போதாதா?
- ஒரு வாசகர், நியூஜெர்சி

பதில்: போதாது. யூகானை நீங்களே சாட்சிக்கு அழைத்துவிட்டதால், அவர்களை வைத்தே சொல்கிறேன்.

கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1979ல் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் பிறந்தபோதே அதில் இருந்தது. 1985ல் பயிற்சியாளராக வந்த ஜீனோ ஒரியம்மா பெண்கள் அணியை வளர்த்தெடுத்தது அதற்குள்தான். அங்கே ஆடிய கடைசி சீசனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2013 மார்ச் 12, ஹார்ட்ஃபோர்டில் அப்போது எக்ஸ்எல் சென்டர் என்ற பெயரில் இருந்த அரங்கம், கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம். ஸ்கோர் 59-59. பந்து யூகான் கையில். கடைசி விநாடிகளில் நோட்ரே டேமின் ஸ்கைலர் டிகின்ஸ் அதைப் பறித்தார், நட்டாலி அச்சோன்வாவுக்குக் கொடுத்தார், 61-59. அந்த சீசனில் நோட்ரே டேமிடம் யூகான் வாங்கிய மூன்றாவது அடி அது. மூன்று முறை தோற்ற அதே அணியை ஏப்ரலில் தேசிய அரையிறுதியில் 83-65 என்று வீழ்த்தினார்கள். இறுதியில் எதிரே நின்ற லூயிவில்லும் பிக் ஈஸ்ட்தான். சொந்த வீட்டுச் சண்டையில் பட்ட அடிதான் அவர்களுக்குப் பாடமாக இருந்தது.

அந்த வீடு அந்த வருடமே இரண்டாகப் பிரிந்தது. கூடைப்பந்தில் எந்தப் பிரச்சினையும் இல்லை. டிவி கம்பெனிகள் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குக் கொட்டும் பணத்தைத் தேடி சிராக்யூஸும் பிட்ஸ்பர்க்கும் ஏசிசி என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போயின. நோட்ரே டேமும் ஃபுட்பாலைத் தன் கையில் வைத்துக்கொண்டு மற்ற விளையாட்டுகளோடு அங்கே சேர்ந்தது. பெரிய ஃபுட்பால் இல்லாத ஏழு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பிக் ஈஸ்ட் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போயின. ஏசிசி லூயிவில்லுக்கு இடம் கொடுத்தது, யூகானுக்குக் கொடுக்கவில்லை. மிஞ்சியவர்கள் சேர்ந்து அமெரிக்கன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸ் ஆனார்கள். அப்படித்தான் கனெக்டிகட் பெண்கள் டல்சாவுக்கும் ஹூஸ்டனுக்கும் டாம்பாவுக்கும் விமானம் ஏற வேண்டி வந்தது.

அங்கே ஏழு சீசன். கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் 139, வெற்றி 139. நீங்கள் இதைப் பெருமை என்பீர்கள். எனக்கு இதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. பதினெட்டு, இருபது வயதில் நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் என்று தேடித் தேடிச் சேர்த்த பெண்களுக்கு, வருடத்தில் இரண்டு மாதம் முடிவு தெரிந்த ஆட்டங்கள். எதிரே ஆடிய பெண்களுக்கும் அது நல்லதல்ல.

2014, 2015, 2016 மூன்று வருடமும் அங்கிருந்தபடியே தேசியக் கோப்பை வாங்கினார்களே என்பீர்கள். வாங்கினார்கள். பிரியானா ஸ்டூவர்ட் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் இருந்த அணி அது. அவர் போன பிறகு என்ன நடந்தது? 2016ல் மிசிசிப்பி ஸ்டேட்டை யூகான் 98-38 என்று, அறுபது புள்ளி வித்தியாசத்தில் வென்றிருந்தது. மறு வருடம் டாலஸில் தேசிய அரையிறுதி, அதே அணி, கூடுதல் நேரம். ஐந்தடி ஐந்தங்குல மார்கன் வில்லியம் கடைசி நொடியில் எறிந்த பந்து உள்ளே விழ, 66-64. யூகானின் 111 ஆட்ட வெற்றித் தொடர் அங்கே முடிந்தது. 2018லும் அரையிறுதி, மறுபடியும் கூடுதல் நேரம், இந்த முறை நோட்ரே டேமின் அரிக்கே ஒகுன்பொவாலே, 91-89. இரண்டும் ஒரே ஒரு கூடையில் போன ஆட்டங்கள். நெருக்கடியில் மூச்சைப் பிடித்து ஆடுவது பழக்கத்தில் வருவது. அந்தப் பழக்கத்துக்கு ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அவர்களுக்கு வாய்ப்பே இல்லை என்பது என் முடிவு.

2020ல் 1.7 கோடி டாலர் விலகல் கட்டணம் கட்டி யூகான் பிக் ஈஸ்டுக்குத் திரும்பியது. ஃபுட்பால் அணி எந்தக் கான்ஃபரன்ஸும் இல்லாமல் தனியே நின்றது. என்னைக் கேட்டால், அந்தப் பல்கலைக்கழகம் எடுத்த மிக நேர்மையான முடிவு அதுதான். 2022 பிப்ரவரி 9 அன்று அதே எக்ஸ்எல் சென்டரில் வில்லனோவா அவர்களை 72-69 என்று வென்றது. கான்ஃபரன்ஸில் 169 ஆட்டத்துக்குப் பிறகு முதல் தோல்வி. அணியின் நட்சத்திரம் பேஜ் பெக்கர்ஸ் காயத்தால் ஆடவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் அந்த அணிதான் ஏப்ரலில் தேசிய இறுதி வரை போனது.

2025ல் வாங்கிய 12ஆவது கோப்பையையும் கணக்குப் பார்ப்போம். அந்த சீசனில் யூகான் தோற்றது மூன்று ஆட்டம்: நோட்ரே டேம், யூஎஸ்சி, டென்னசி. மூன்றும் கான்ஃபரன்ஸுக்கு வெளியே. பிப்ரவரியில் சவுத் கரோலைனாவின் ஊருக்கே போய் 87-58 என்று வென்றதும் கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடிய ஆட்டம். இறுதியில் அதே அணியை 82-59 என்று வென்றார்கள். கான்ஃபரன்ஸில் கிடைக்காத சண்டையை ஒரியம்மா தானே தேடிப் போய் வாங்கிக்கொண்டார். அவர் கூப்பிட்டால் வர எல்லோரும் தயார். சின்ன அணி கூப்பிட்டால் யார் வருவார்கள்?

இதெல்லாம் தெரிந்தும் ஏன் பெண்கள் அணியைக் கேட்காமலே முடிவெடுக்கிறார்கள்? ஆண்கள் அணி தேசியக் கோப்பைக்கான என்.சி.ஏ.ஏ. போட்டியில் முன்னேற முன்னேற அதன் கான்ஃபரன்ஸுக்குப் பணப் பங்கு சேரும், ஆறு வருடம் தொடர்ந்து வரும். பெண்கள் போட்டிக்கு அந்தப் பங்கு 2025ல்தான் தொடங்கியது. 2008 முதல் 2022 வரை நடந்த 14 போட்டிகளிலும் யூகான் கடைசி நான்கில் நின்றது. அதற்காக அந்தப் பங்கில் ஒரு டாலர்கூட எந்தக் கான்ஃபரன்ஸுக்கும் போகவில்லை. பணம் கொண்டுவராதவளிடம் யோசனை கேட்பதில்லை என்பது பல குடும்பங்களில் நாம் பார்த்ததுதானே.

பயணத்தையும் பாருங்கள். ஃபுட்பால் அணிக்குப் பெரும்பாலும் வாரம் ஒரே ஆட்டம், அதுவும் சனிக்கிழமை. கூடைப்பந்துப் பெண்களுக்கு வாரம் இரண்டு, ஒன்று வகுப்பு நாளில். மேற்குக் கரையின் பேக்-12 கான்ஃபரன்ஸ் உடைந்து கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் 2024ல் ஏசிசிக்குப் போனது. பாஸ்டனில் ஆட நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். அங்கே போன முதல் சீசனிலேயே, 1988லிருந்து விடாமல் ஆடிவந்த என்.சி.ஏ.ஏ. போட்டிக்கு அவர்களால் வர முடியவில்லை. 38 சீசன் பயிற்சி கொடுத்த டாரா வான்டெர்வீர் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார், அதனால் பழி முழுவதையும் ஏசிசி மேல் போட மாட்டேன்.

ஒரேகன் ஸ்டேட் விஷயத்தில் அந்தத் தயக்கம் எனக்கு இல்லை. பேக்-12ல் எல்லோரும் பெட்டியைக் கட்டிய பிறகு வாஷிங்டன் ஸ்டேட்டோடு நடுத்தெருவில் நின்ற அணி அது. 2024 மார்ச்சில் தேசிய அளவில் கடைசி எட்டு வரை போய், தோல்வியே காணாத சவுத் கரோலைனாவிடம் 70-58 என்று தோற்றார்கள். சில வாரங்களில் அணி கலைந்தது. ரேகன் பியர்ஸ் ஓக்லஹோமாவுக்கு, டாலியா வான் ஓல்ஹாஃபன் யூஎஸ்சிக்கு, டிமேயா கார்ட்னர் யூசிஎல்ஏவுக்கு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நான்கு வருடம்தான் அவர்களுக்கு இருக்கிறது. மிச்சமிருந்தவர்கள் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் விருந்தாளிகளாகச் சேர்ந்து, 2025 மார்ச்சில் அந்தக் கோப்பையையும் வென்று என்.சி.ஏ.ஏ. போட்டிக்கு வந்தார்கள்.

முதல் சுற்றோடு திரும்பினார்கள். திறமை போதாதா என்று என்னிடம் கேட்டதை, ஒரே வருடத்தில் கடைசி எட்டிலிருந்து அங்கே வந்து நின்ற அந்தப் பெண்களிடம் உங்களால் கேட்க முடியுமா?