விரல் நுனியில் ஒரு பயணம்

கேள்வி: அண்மையில் நீங்கள் ஆடிய வீடியோ கேம்களில் மனத்தில் நின்றது எது?

பதில்: 'கிளேர் ஆப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33'. பிரான்ஸின் மோன்பெல்லியே நகரைச் சேர்ந்த சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி, 2025 ஏப்ரலில் வெளிவந்த இவ்விளையாட்டில், ஓவியக்காரி ஒருத்தி பெருந்தூண் ஒன்றில் ஆண்டுதோறும் எழுதும் எண், ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வர, அந்த வயதை எட்டியோர் அனைவரும் காற்றில் கரைந்துபோகிறார்கள். (நானெல்லாம் அங்கே எப்போதோ கரைந்திருப்பேன்.) அவளைத் தடுக்கப் புறப்படும் குழுவின் கதை இது. சண்டை முறைவைத்து நடந்தாலும், எதிரியின் வீச்சைச் சரியான நொடியில் தட்டிவிட வேண்டியிருப்பதால், கை ஓய்ந்திருக்க வழியில்லை. முதல் சில நாள்கள் நான் தோற்றுக்கொண்டேதான் இருந்தேன். நிலப்பகுதிகளுக்குள் வழிகாட்டும் சிறு வரைபடம் இல்லாதது மட்டும் எனக்குப் பெருங்குறை.