பின்கட்டு அறையும் எட்டு மணி விவாதமும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, திருவாரூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு 56 வயது, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. ஒரே மகன், 22 வயது. ஒரு நடிகர் கட்சி தொடங்கியதிலிருந்து வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் கொடி, பேனர், கூட்டம் என்று அலைகிறான். கரூரில் அந்தக் கட்சிக் கூட்ட நெரிசலில் அத்தனை உயிர் போன பிறகும் திருந்தவில்லை. கேட்டால், "வீட்ல யாரு பேசுறா? அங்க போனா நாலு பேரு பேசுறாங்க" என்கிறான். நானும் அந்தக் காலத்தில் ரசிகர் மன்றத்தில் இருந்தவன்தான், ஆனால் அப்பா முன்னால் நிமிர்ந்து பேசியதில்லை. சினிமாவும் செல்போனும் சீரியலும் குடும்பங்களைக் கெடுத்துவிட்டன. மனைவி எந்நேரமும் ரீல்ஸ் பார்க்கிறாள். நான் இரவு எட்டு மணிக்கு விவாத நிகழ்ச்சி பார்ப்பேன், நாட்டு நடப்பு தெரிய வேண்டுமே. அம்மாவுக்கு 80 வயது, காது மந்தம், சீரியலைச் சத்தமாக வைப்பார். அதனால் முன்பு நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்த பின்கட்டு அறைக்கு டைல்ஸ் போட்டு, அவருக்கென்று தனி டிவியும் வாங்கி வைத்துவிட்டேன். சாப்பாடும் அங்கேயே போய்விடும். விவாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டால் தொந்தரவு இல்லை. மகனை எப்படித் திருத்துவது? நம் பண்பாடு எங்கே போகிறது?

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதம் வராத வாரமே எனக்குக் கிடையாது. ஊர் மாறும், பிள்ளையின் வயது மாறும், நடிகர்கூட மாறுவார். "வயசு அப்படி, தானா சரியாயிடும்" என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதமாட்டேன். சரியாகாமலே போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

மகனைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் கதவைப் பற்றிச் சொல்லுங்கள். அதைச் சாத்துவது யார்? நீங்களா, உங்கள் மனைவியா, இல்லை எட்டு மணி ஆகப்போகிறது என்று தெரிந்து உங்கள் அம்மாவே எழுந்து வந்து சாத்திக்கொள்கிறாரா? மூன்றாவதுதான் நடக்கிறது என்றால் இன்னும் மோசம், அந்த அளவுக்கு அவரைப் பழக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பண்பாடு எங்கே போகிறது என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நடுவில் பெற்றவளை மூட்டை போட்ட அறையில் வைத்துக் கதவைச் சாத்தியதையும் ஏதோ நல்ல ஏற்பாடு செய்த தோரணையில் எழுதியிருக்கிறீர்கள், பேனா ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. டைல்ஸ் போட்டதைக் குறிப்பிட மறக்கவில்லை. நெல்லுக்குத் தரை எப்படி இருந்தாலும் போதும், மனுஷிக்கு டைல்ஸ் வேண்டும் என்று யோசித்தீர்களே, அதே யோசனை இன்னும் பத்து அடி நடந்து கூடம் வரை வந்திருக்கக் கூடாதா?

சத்தம் என்கிறீர்கள். விவாத நிகழ்ச்சி எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆறு பேர் ஆறு கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரே நேரத்தில் கத்துவார்கள், நடுவில் இருப்பவர் அவர்கள் எல்லாரையும்விட உரக்கக் கத்துவார், கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடும். அது உங்களுக்குச் சத்தமாகத் தெரியவில்லை. காது கேட்காத கிழவி இரண்டு புள்ளி கூட்டி வைத்தால் மட்டும் வீடு இடிந்துவிடுகிறது. அந்த ஆறு பேரில் ஒருவருக்காவது உங்கள் பெயர் தெரியுமா? நாளைக்கு அவர்களில் பாதிப் பேர் வேறு கட்சியில் இருந்துகொண்டு இதே வேகத்தில் மறுபக்கம் பேசுவார்கள். அவர்களுக்காகத்தானே அம்மாவை உள்ளே அனுப்பினீர்கள்.

நான் பழைய ஆள். மறைத்துப் பேசத் தெரியாது. வீட்டில் வயதில் மூத்தவர்தான் நடு வீட்டில் இருக்க வேண்டும் என்று நம்புகிறவள். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளைப் பார்த்தாலே தெரியும், திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று வரிசையாகப் போகும். கூடத்துத் தூணோரமாகத்தான் பாட்டி உட்கார்ந்திருப்பாள். வெளியே போகிறவன் அவளைத் தாண்டித்தான் போகணும், உள்ளே வருகிறவனும் அவளைத் தாண்டித்தான் வரணும். "எங்கடா போற", "சாப்டியா", "யாரு அந்தப் பையன்" என்று மூன்று கேள்வி எல்லோருக்கும் உண்டு. அந்தத் தொல்லைக்குப் பெயர்தான் குடும்பம். இன்று உங்கள் மகன் கொடியைச் சுருட்டிக்கொண்டு வாசல் இறங்கும்போது அவனை எங்கே போகிறாய் என்று கேட்க வீட்டில் யாராவது தலையைத் தூக்குகிறார்களா? நீங்கள் விவாதத்தில், மனைவி ரீல்ஸில், கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் கதவுக்கு அந்தப் பக்கம்.

டிவியைச் சும்மா திட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை. 1975-ல் சென்னையில் தூர்தர்ஷன் வந்தபோதும், அப்புறம் எண்பதுகளில் தெருவுக்கு ஒரு பெட்டி வந்தபோதும், வெள்ளிக்கிழமை ராத்திரி பாட்டுக்காக அக்கம்பக்கமே ஒரு வீட்டில் வந்து உட்காரும். நாலு குழந்தை மடியில் தூங்கிப்போகும். 1993-ல் சன் டிவி வந்தது. எங்கள் மாமியார் சாகும்வரை சீரியல் பார்த்தார், நானும் கூடவே உட்கார்ந்து அந்த அநியாயக் கதைகளையெல்லாம் திட்டிக்கொண்டே பார்த்தேன். எங்களுக்குள் பேச்சு இல்லாத நாட்களில்கூட யாரோ ஒரு வில்லியைப் பார்த்து இரண்டு பேரும் சேர்ந்து "ச்சீ" என்போம், அதோடு பேச்சு ஆரம்பித்துவிடும். 2006 தேர்தலில் வாக்குறுதி கொடுத்து ஏழை வீட்டுக்கும் கலர் டிவி கொடுத்தார்கள். அது சரியா தப்பா என்று நானும் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அரசாங்கம் கொடுத்ததுகூட வீட்டுக்கு ஒரு டிவிதான். இரண்டாவது டிவியை வாங்கியது நீங்கள். ஒரு பெட்டி இருந்தவரை ரிமோட்டுக்குச் சண்டை போடவாவது எல்லோரும் ஒரே கூரைக்கடியில் இருந்தார்கள்.

அடுத்து அரசியல். நடிகர்கள் நாற்காலிக்கு வருவது எனக்குப் பிடிக்காது, அதை ஒளிக்கவும் மாட்டேன். திரையில் பத்துப் பேரை அடித்தவனுக்கு ஒரு தாலுகா ஆபீஸ் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க அவசியமில்லை. ஆனால் இது உங்கள் மகனிடம் ஆரம்பித்த வியாதியா? 1967-ல் ஆட்சிக்கு வந்தவர்கள் மேடையிலும் திரையிலும் வசனம் எழுதி வளர்ந்தவர்கள். 1972-ல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டபோது ஊருக்கு ஊர் இருந்த ரசிகர் மன்றங்கள்தான் கட்சிக் கிளைகளாக மாறின, 1977-ல் அவர் முதல்வர். 1984-ல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ஜெயித்தார். அப்போது உங்களுக்குப் பதினைந்து வயது, நீங்களும் மன்றத்தில் இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பா முன்னால் நிமிர்ந்து பேசியதில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். உங்கள் அப்பா எங்கே உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள், கூடத்திலா, பின்கட்டிலா?

இப்போது உங்கள் அம்மாவின் வயதுக்கு வருகிறேன். 80 என்று எழுதியிருக்கிறீர்கள். 1967 தேர்தலின்போது அவருக்கு 21, 22 இருக்கும். அன்றைக்கு ஓட்டுப் போடும் வயது 21. அதாவது தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்ட தேர்தலில் தன் முதல் ஓட்டைப் போட்டவராக அவர் இருக்கலாம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொல்லி ஓட்டுக் கேட்டதும், ஜெயித்த பிறகு சென்னையிலும் கோவையிலும் ஒரு படி மட்டும் வந்ததும் அவர் உலை வைத்த காலத்து விஷயம். நெல் விளையும் ஊரில் அரிசிக்கு நின்ற கதை அவரிடம் இருக்கும். உங்கள் பக்கத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பரில் கூலி கேட்ட தகராறில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அந்தச் செய்தி ஊருக்கு வந்து சேர்ந்த காலையில் யார் என்ன பேசினார்கள், யார் பேசாமல் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எமர்ஜென்சி பார்த்தவர். எத்தனை கட்சி, எத்தனை சின்னம், எத்தனை வாக்குறுதி! அரசியல் கற்க ஊர் ஊராய் அலையும் பேரன் ஒருவன் வீட்டில் இருக்கிறான், நாட்டு நடப்பு தெரிய வேண்டும் என்று டிவி முன்னால் உட்காரும் மகன் ஒருவன் இருக்கிறான். ஐம்பது அறுபது வருஷ நாட்டு நடப்பைக் கண்ணால் பார்த்தவருக்கு மட்டும் சாப்பாட்டுத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டு வருகிறீர்கள்.

அந்தத் தட்டும் என்னை விடவில்லை. சாப்பாடு அங்கேயே போய்விடும் என்கிறீர்கள். அது காலில் நடந்தா போகிறது? யாரோ எடுத்துப் போகிறார்கள். வைத்துவிட்டு அந்த ஆள் பக்கத்தில் உட்காருகிறாரா? இன்னொரு கரண்டி ரசம் வேண்டுமென்றால் அவர் யாரைக் கூப்பிடுவார், சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்து, சீரியலும் விவாதமும் இரண்டு பக்கமும் அலறும்போது? வேண்டாம் என்று இருந்துவிடுவார் தம்பி. அந்த வயதுப் பெண்கள் அப்படித்தான் இருந்துவிடுவார்கள்.

பெற்றவர்களைக் கைவிடுகிறவர்களுக்காக 2007-ல் சட்டமே வந்தது. கோட்டாட்சியர் முன்னால் மனு கொடுத்தால் மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித் தரலாம், எழுதிக் கொடுத்த சொத்தையே ரத்து செய்யவும் வழி உண்டு. உங்கள் மேல் அந்தச் சட்டம் பாயாது. வேளைக்குச் சோறு, மருந்து, ஃபேன், டிவி, எல்லாம் கொடுத்திருக்கிறீர்கள். ஊரில் கேட்டால் அம்மாவை நன்றாக வைத்திருக்கும் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் நான் இத்தனை கடுமையாக எழுத வேண்டியிருக்கிறது, உங்களை வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

சரி, மகன். அவன் சொன்ன பதிலை எதிர்த்துப் பேச்சு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். "வீட்ல யாரு பேசுறா?" என்றால் அது எதிர்ப்பா? கேள்வி. அதற்கு உங்களிடம் பதில் இல்லை, கோபம் வந்துவிட்டது. இருந்தாலும் அவனுக்கு நான் வக்கீல் இல்லை. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேர் நெரிசலில் செத்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அதற்குப் பிறகும் வீட்டில் சொல்லாமல் கூட்டத்துக்கு ஓடுகிறவனை இரண்டு வார்த்தை கேட்கத்தான் வேண்டும். எந்தக் கூட்டம், யாரோடு போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய், சொல்லிவிட்டுப் போ. ஓட்டு அவன் உரிமை, யாருக்குப் போடுகிறான் என்பதில் நீங்கள் தலையிடாதீர்கள். வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போவது அவன் கடமை, அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் இதைச் சொல்லும் தகுதி உங்களுக்கு எப்போது வரும் என்றால், அந்த டிவியை அணைத்த பிறகு. விவாதம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் கண்ணை வைத்துக்கொண்டு சொல்லும் புத்திமதியை எந்தப் பிள்ளையும் கேட்கமாட்டான், கேட்கவும் வேண்டாம்.

உங்கள் மனைவி மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் குறைவு. ஒரு வீட்டில் ஆண் எங்கே உட்காருகிறானோ அங்கேதான் வீடு உட்காரும் என்பது என் கணக்கு. இது பழைய கணக்கு என்று வாசகிகள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். நீங்கள் எழுந்தால் அவரும் போனைக் கீழே வைப்பார்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கட்டிலை இந்த வாரமே கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். பின்கட்டு அறையில் துணிமணி இருக்கட்டும், வேண்டுமென்றால் பகலில் அங்கே படுத்துக்கொள்ளட்டும், இரவுச் சாப்பாடு மட்டும் எல்லோருக்கும் ஒரே இடத்தில், அம்மாவுக்கு முதலில் பரிமாறி. எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை இரண்டு டிவியும் மூடியிருக்க வேண்டும். அம்மாவின் சீரியலும் அந்த நேரத்தில் வருகிறது என்றால் அவரையே கேளுங்கள், சீரியல் வேண்டுமா, நாங்கள் வேண்டுமா என்று. அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். முதல் சில நாள் யாருக்கும் பேச்சு வராது, அதற்காக மறுபடி ரிமோட்டைத் தேடாதீர்கள். மகனிடம் அந்த நடிகரைத் திட்டி ஆரம்பிக்காதீர்கள். பாட்டி முதல் ஓட்டு யாருக்குப் போட்டாள் என்று கேள் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் சாப்பிடுங்கள்.

இன்னொன்று, கடிதம் முழுக்கத் தேடினேன், அந்தக் காதை ஒரு டாக்டரிடம் காட்டியதாக ஒரு வார்த்தை இல்லை. வயசானால் காது மந்தம் என்று நீங்களே முடிவு கட்டி, டிவி வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். சில பேருக்குக் குறும்பி அடைத்துக்கொண்டாலே பாதிக் காது கேட்காது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இல்லையென்றாலும் காது மிஷின் இருக்கிறது. திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது, வெளியூர் போக வேண்டியதில்லை. மகன் அழைத்துக்கொண்டு போகட்டும், அன்றைக்குக் கட்சிக் கூட்டம் இருந்தாலும் சரி. நீங்களும் ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று லீவு போட்டுவிட்டுக் கூடப் போங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.