பக்கத்து வீட்டுக் குழந்தைக்காக நான் பேசலாமா?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் புளோக்கில் ஒரு தமிழ்க் குடும்பம். மூன்றரை வயதுப் பையன் நாலைந்து வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எங்கே போவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார். இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகக் குரல் கொடுக்க ஆசைப்படுகிறேன். அதற்குத் தனியாகப் படிக்க வேண்டுமா? நான் தலையிடுவது தப்பாகிவிடுமா?

பதில்: படிப்பு வேண்டாம், தப்பும் ஆகாது. ஒரே ஒரு நிபந்தனை: அந்த அம்மா 'சரி, வாங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்காமல் நீங்களே பள்ளிக்கோ மருத்துவருக்கோ ஃபோன் போட்டால், எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும் அவர் அடுத்த முறை கதவைத் திறக்கத் தயங்குவார்.

இதை நான் ஒரு தவறில் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஓர் அம்மாவுடன் குழந்தையின் பரிசோதனைக்குப் போயிருந்தேன். "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா?" என்று மருத்துவர் கேட்டார். வகுப்பில் பார்த்ததை வைத்து, "பார்ப்பான்" என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "அக்கா, வீட்ல அவன் திரும்பவே மாட்டான். நீங்க சொன்னதால நான் ஒண்ணும் சொல்லல." மறுநாளே மருந்தகத்தை (கிளினிக்கை) கூப்பிட்டு விவரத்தைத் திருத்தினோம். அந்தப் பேருந்துப் பயணம் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

அதன் பிறகு, பரிசோதனைக்கு முந்தின நாள் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தமிழிலேயே எழுதட்டும். 'பேசமாட்டான்' என்று ஒரே வார்த்தையில் எழுதினால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. 'தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் பக்கம் இழுத்துப் போகிறான், வாயால் கேட்பதில்லை. ஐந்து முறை கூப்பிட்டால் ஒரு முறை திரும்புகிறான். போன வருடம் சொன்ன "பால்" இப்போது வருவதில்லை' என்று எழுதினால் நிறையப் புரியும். சொன்ன வார்த்தை காணாமல் போயிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். கைப்பேசியில் எடுத்த இரண்டு சிறு காணொளிகள் இருந்தால் இன்னும் நல்லது. குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் ஒவ்வொரு வயதுக்கும் பெற்றோர் நிரப்ப வேண்டிய வளர்ச்சிப் பட்டியல் இருக்கிறது. நான் பார்த்த புத்தகங்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கங்கள் காலியாகவே இருந்தன. பட்டியல் ஆங்கிலத்தில் இருப்பதும் ஒரு காரணம். நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள், அவர் பதில் சொல்லட்டும்.

முதலில் போக வேண்டிய இடம் பலதுறை மருந்தகம், அதாவது பாலிகிளினிக். அங்கிருந்து கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ உள்ள குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் குடிமக்களுக்கு மானியக் கட்டணம் கிடைக்கும். நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். உங்களையே மொழிபெயர்க்கச் சொன்னால், அம்மா சொன்னதை மட்டும் சொல்லுங்கள், உங்கள் கருத்தைச் சேர்க்காதீர்கள். காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பேச்சு தாமதமான பிள்ளைக்கு முதலில் தெளிவாக வேண்டிய விஷயம் அதுதான். தேவை இருப்பதாக மருத்துவர் கருதினால், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்துக்கு அனுப்புவார். இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அந்த நாள்களைச் சும்மா விடாமல், பையன் போகும் பாலர் பள்ளியிலேயே கற்றல் ஆதரவு கிடைக்குமா என்று முதல்வரிடம் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் இரண்டு பேச்சுகள் குறுக்கே வரும். ஒன்று, "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்." பாட்டி அன்பாகத்தான் சொல்வார். ஆனால் மூன்றரை வயதில் நாலைந்து வார்த்தை என்பது காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை. இன்னொன்று எனக்கு இன்னும் வருத்தம் தருவது: "வீட்டில் தமிழை நிறுத்துங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க." இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. ஆங்கிலம் தடுமாறும் அம்மாவைத் தமிழ் பேசாதே என்றால், அவர் பிள்ளையிடம் பேசுவதே குறைந்துபோகும். தாலாட்டும் போகும், சோறு ஊட்டும்போது வரும் பேச்சும் போகும். பேச்சு வராத குழந்தைக்கு இதைவிடக் கெடுதல் என்ன இருக்கிறது? அந்த அம்மா தயங்காமல் தமிழில் பேசட்டும். இதை அவரிடம் நீங்கள் அழுத்தமாகவே சொல்லலாம்.

கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் குழந்தையின் குடியுரிமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாலர் பள்ளி மானியங்கள் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள குழந்தைகளுக்கானவை. குடியுரிமை இல்லாமல் வேலைக்காக வந்திருக்கும் நம் குடும்பங்களுக்கு அவை கிடைக்காது. தெரியாமல் நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள். குடிமக்கள் என்றால், குடும்பத்தின் மாத வருமானத்தைப் பொறுத்துக் கூடுதல் மானியம் உண்டு. வருமானம் 6,000 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) இருந்தால், அம்மா வேலைக்குப் போகாவிட்டாலும் முழுநாள் பராமரிப்புக்கு உச்ச மானியம் கிடைக்கும். இந்த மாற்றம் 2024 டிசம்பரில் வந்தது, பழைய விதியை நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்காமல் இருப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். கையில் காசே இல்லாத நிலை என்றால் சமூக சேவை அலுவலகம், அல்லது அரசின் நிதியுதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கர்ப்ப காலத்திலிருந்தே கைகொடுக்கும் கிட்ஸ்டார்ட் திட்டமும் இருக்கிறது.

நீங்கள் பாலர் பள்ளி ஊழியர் என்பதால் ஒரு எச்சரிக்கை. உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் விவரம் பள்ளியை விட்டு வெளியே போகக்கூடாது. பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றியும் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு உதவி கேட்காதீர்கள். பெரியவனாகும்போது அது அவன் கண்ணில் படும்.

முதலில் சொன்ன நிபந்தனைக்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. குழந்தையை யாராவது அடிக்கிறார்கள், துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம். 24 மணி நேரமும் இயங்கும் வன்முறைத் தடுப்பு உதவி எண் 1800-777-0000ஐ அழையுங்கள். உடனடி ஆபத்தென்றால் போலீசுக்கு 999. உங்கள் பள்ளியில் நடந்தால் முதல்வரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

இப்படி நாலைந்து குடும்பங்களோடு நடந்தால், எல்லாரும் ஒரே கல்லில் இடறுவது உங்களுக்குத் தெரியவரும். படிவம் புரியவில்லை, மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை, வேலை நேரத்தில்தான் சந்திப்பு கொடுக்கிறார்கள். பெயர்களை எடுத்துவிட்டு, தேதியோடு குறித்து வையுங்கள். அதை நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குக் கொண்டுபோகலாம், அரசாங்கத்தின் கருத்துத் திரட்டும் பிரிவான ரீச்சுக்கும் எழுதலாம். வரவுசெலவுத் திட்ட விவாதத்துக்கு முந்தைய மாதங்களில் எழுதினால் நேரம் பொருந்தும். கேட்டால் மாறுமா என்று நினைக்காதீர்கள். திருமணமாகாத தாய்மார்களுக்கு 16 வார மகப்பேற்று விடுப்பு வேண்டும் என்று இங்கே பலர் வருடக்கணக்காகக் கேட்டார்கள். 2016இல் அறிவிப்பு வந்தது, 2017இல் நடைமுறைக்கு வந்தது. அவர்களின் பிள்ளைகளுக்கும் அரசு பணம் சேர்க்கும் சேமிப்பான குழந்தை மேம்பாட்டுக் கணக்கு கிடைத்தது. குழந்தை பிறந்தால் அரசு தரும் ரொக்க அன்பளிப்பு மட்டும் அப்போது சேர்க்கப்படவில்லை.

தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா அமைப்பிலோ உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்திலோ தொண்டூழியராகச் சேருங்கள். அனுபவமுள்ளவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். பின்னால் முறையாகப் படிக்க நினைத்தால், பாலர் கல்விக்கென்றே 2019இல் தொடங்கிய தேசியக் கழகம் இருக்கிறது.

இப்போதைக்கு அந்தப் பையனைக் கவனிப்போம். இந்த வாரமே அம்மாவிடம் கேட்டு மருந்தகத்தில் நாள் வாங்குங்கள். போகும்போது நோட்டும் சுகாதாரப் புத்தகமும் அவர் கையிலேயே இருக்கட்டும். மருத்துவர் கேள்வி கேட்கும்போது நீங்கள் பின்னால் இருக்கும் நாற்காலியில் உட்காருங்கள்.