முடக்கு வாதத்தில் இடுப்பு மூட்டு சில மாதங்களிலேயே சிதையுமா?

"ஆறு மாதம் முன்பு எக்ஸ்ரே சரியாக இருந்தது, இப்போது மூட்டையே மாற்றச் சொல்கிறார்கள், இது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படி நடப்பது அரிது, ஆனால் நடக்கும். ஒரே வருடத்தில் மூட்டு இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் குறைந்தாலே அதை வேகமான சிதைவு என்பார்கள்.

முடக்கு வாதத்தில் மூட்டின் உள்சவ்வு வீங்கி, அதிலிருந்து வரும் நொதிகள் குருத்தெலும்பை அரிக்கின்றன. ஆனால் இவ்வளவு வேகத்துக்கு அது மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குத் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது நொறுங்கலாம். எலும்பு மெலிந்தவர்களுக்குக் குருத்தெலும்புக்கு அடியிலேயே நுண்ணிய முறிவு வரலாம். அப்புறம், மூட்டுக்குள் கிருமித் தொற்று. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் இல்லாமலும் இது வரும் என்பதால், மருத்துவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் வீக்கம் வெளியே தெரியாது. வலி தொடை இடுக்கில் வரும். சிலருக்கு முழங்காலில் மட்டும்கூட. புதிதாக அப்படி வலித்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாதது எம்.ஆர்.ஐ.யில் தெரியும். முழுதாகச் சிதைந்த பிறகு மாற்று மூட்டுதான் வழி. ரொம்பத் தள்ளிப்போட்டால் எலும்பு இன்னும் கரைந்து, அறுவை சிகிச்சையே கடினமாகிவிடும்.